மறைந்துபோன சம்பந்தி வீடு

ஓட்டைக்குளத்தில் புத்தி என்பது வெளியூர்ச் சரக்கு. அந்த ஊர்ச் சோணைமுத்துவுக்கு வயது முப்பத்தாறு. நாலு பேர் முன்னால் வாய் திறக்கப் பயம். ஏழு இடத்தில் பெண் பார்க்கப் போய், ஏழிலும் ஊமை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எட்டாவது பெண்ணின் அப்பா தவசி, "மாப்பிள்ளை வந்து தைரியமாப் பேசட்டும், பொண்ணைத் தர்றேன்" என்றார்.

திருவிழாவுக்கு வந்த மந்திரவித்தைக்காரரிடம் கூட்டாளிகள் ஒச்சப்பனும் பெரியகருப்பும் அவனை இழுத்துப் போனார்கள். "ஒரு வித்தை கைவசம் இருந்தா பயம் ஓடிப்போகும்" என்றார் அவர். நாணயத்தை மறைத்து, பிறகு காதிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு, "எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியக்கூடாது" என்று எச்சரித்தார்.

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"யாருக்கும்னா நமக்கும் சேர்த்துத்தானே?" என்றான் ஒச்சப்பன்.

"பின்னே? நாம என்ன ஆளில்லையா?" என்றான் பெரியகருப்பு.

ஆகவே கண்ணை இறுக மூடிக்கொண்டு நாணயத்தை வீசிப் பழகினார்கள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. வித்தைக்காரருக்கே நாணயம் கடைசியில் காதிலிருந்து வந்துவிட்டதே என்று சோணைமுத்துவுக்கு இளக்காரம். ஒன்றும் தெரியாதவனுக்கு வரும் தைரியத்துக்கு அணை போட முடியாது.

பெண் வீட்டில் பஜ்ஜியைத் தின்று முடித்ததும், தவசியின் மோதிரத்தைக் கேட்டு வாங்கினான். மூவரும் கண்ணை மூடினார்கள். சோணைமுத்து வீசினான். அது வாசல் வழியாகப் பறந்ததை மற்ற எல்லோரும் பார்த்தார்கள்.

"போய்த் தேடி எடுங்கடா" என்றார் தவசி.

"தேடுறோம் மாமா. ஆனா கண்ணால பாத்துட்டா வித்தை கெட்டுப்போகும்" என்றான் சோணைமுத்து, துளியும் நடுங்காமல்.

மூவரும் கண்ணை மூடியபடியே தவழ்ந்தார்கள். வாசல், தெரு, களம் எல்லாம் தாண்டி, முட்டி தேய்ந்தபின் கண்ணைத் திறந்தால் எதிரே கண்மாய். வீட்டைக் காணோம்.

"மோதிரத்தோட வீட்டையும் மறைச்சுட்டியேப்பா" என்றான் ஒச்சப்பன். "உள்ள மாமா இருந்தாரே."

"அப்போ தலை முழுகணும்" என்றான் பெரியகருப்பு.

"கல்யாணமே ஆகலை. அதுக்குள்ள உறவா?" என்றான் சோணைமுத்து.

"அவுக வீட்டுல கை நனைச்சாச்சு. நீ எத்தனை பஜ்ஜி தின்னே?" என்று கேட்டான் பெரியகருப்பு.

"ஒம்பது."

"நெருங்கின உறவுதான்."

மூவரும் தலை முழுகிக்கொண்டிருக்கும்போது, தவசி உலக்கையோடு மூச்சிரைக்க வந்து நின்றார். பேய் என்று அலறி மற்ற இருவரும் தண்ணீருக்குள் பதுங்கினார்கள். சோணைமுத்து மட்டும் ஈரத் தலையோடு கரையேறி, அவரைக் கும்பிட்டு ஆறுதல் சொன்னான்.

"அலையாதீங்க மாமா, நிம்மதியாப் போங்க. பதினாறாம் நாள் காரியத்தை மருமகன் நானே முன்ன நின்னு செய்யுறேன்."