முள்ளம்பன்றி அளந்த பாதை

காரைப் புதர்களுக்கு நடுவே குளத்துக்கு இறங்கும் பாதை ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் முள். அந்தக் காட்டு விலங்குகள் எல்லாம் தண்ணீருக்கு அதில்தான் போய்வந்தன.

பாதையோரத்தில் சிலுப்பி என்ற முள்ளம்பன்றி வளை தோண்டியது. தோண்டிய மண்ணைப் பாதையில் தள்ளியது. அந்த மேட்டின்மேல் மான்கொம்பு, எலும்பு, கிழங்கு என்று சேர்த்துவைத்தது. கொறிப்பதற்குக் கொம்பு வாசலிலேயே கிடந்தால் சௌகரியம்தானே!

ஒருநாள் முயல் வந்து நின்றது.

"அக்கா, பாதை பாதியாப் போச்சு. குட்டிகளைக் கூட்டிக்கிட்டுப் போக முடியல. இதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்களேன்."

"இது என்ன, உங்க பாட்டன் போட்ட பாதையா?"

"இல்லக்கா. உங்க பாட்டனும் போடல. எல்லாரும் நடந்து நடந்து விழுந்த தடம். அதனாலதான் கேக்குறேன்."

சிலுப்பிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. முள்ளையெல்லாம் நன்றாகப் படியவைத்துக்கொண்டு, மேட்டுக்கும் புதருக்கும் நடுவே ஒரு நடை போய்வந்தது. எங்கேயும் உரசவில்லை.

"பாத்தியா? இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு நானே போய்ட்டு வர்றேன். உனக்கென்ன?"

பக்கத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்பு எல்லாவற்றையும் கேட்டது. நமக்கேன் வம்பு என்று மெல்ல நகர்ந்துவிட்டது.

கோடை முற்றியது. ஒரு மத்தியானம் காய்ந்த புல் பற்றிக்கொண்டது. புகையைக் கண்டதும் சிலுப்பி குளத்தை நோக்கி ஓடியது. மேட்டருகே வந்ததும் மாட்டிக்கொண்டது. பயத்தில் அதன் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. ஒரு பக்கம் மான்கொம்பில் சிக்கியது, மறுபக்கம் புதரில் சிக்கியது. முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் வரவும் முடியவில்லை.

முயல் குட்டிகளோடு ஓடிவந்து அதன் பின்னால் நின்றது. கூடவே உடும்பும் வந்தது.

"அக்கா, முள்ளைப் படியவையுங்க!"

"பயமா இருக்கே, எப்படிப் படியும்?"

முயலுக்குக் கோபம் வராமல் இல்லை. ஆனால் சண்டை போட அது நேரமா? முயலும் உடும்பும் மேட்டை மளமளவென்று பறித்தன. கொம்பு சரிந்தது, கிழங்கு உருண்டது. வழி கிடைத்ததும் சிலுப்பி பாய்ந்து ஓடியது. பின்னாலேயே எல்லாம் குளத்தில் இறங்கின.

முயல்குட்டிகள் தண்ணீரில் நடுங்கிக்கொண்டிருந்தன. இதுகளையும் அல்லவா மறித்துவிட்டோம் என்று சிலுப்பிக்கு வெட்கமாகிவிட்டது.

தீ அடங்கியதும் சிலுப்பி முதல் வேலையாக மிச்ச மண்ணைத் தள்ளத் தொடங்கியது. உடும்பு தானாகவே வந்து சேர்ந்துகொண்டது.

"அன்னைக்கே நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்" என்றது.

"எவ்வளவு அகலம் வேணும்?" என்று சிலுப்பி முயலிடம் கேட்டது.

"நீங்க சிலிர்த்துக்கிட்டு ஓடினாலும், பக்கத்துல என் குட்டிங்க ஓடுற அளவுக்கு வேணும்கா."

சிலுப்பி அந்த அளவுக்கே மண்ணைத் தள்ளியது.

பொதுவழியில் எல்லாருக்கும் உரிமை உண்டு. அதனால் அதை எல்லாருக்குமாகத் திறந்துவைப்பது ஒவ்வொருவரின் பொறுப்பு.