குயிக் பந்தின் உயரம்

காலை ஆறேகால். கோர்ட்டில் பதினொரு பெண்கள். பன்னிரண்டாவதாக அங்கே இருக்க வேண்டிய சந்தனமாரி, பயிற்சியாளர் திலகவதியின் முன்னால் வந்து நின்றாள்.

"செட்டரை மாத்துங்க அக்கா. ஹெலன் வேண்டாம்."

திலகவதி ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அது ஒரு நூல் மில்லின் மகளிர் வாலிபால் அணி. அதில் ஆடி, அதற்கே பயிற்சியாளராக ஆனவள். பேச்சு குறைவு.

"என்ன செஞ்சா?"

"பந்து தாழ்வா வருதுன்னு பார்க்கிறவங்களே சொல்றாங்க. நான் அடிக்கிறது நேரா எதிராளி பிளாக்குக்குத் தூக்குற கையில போய் முட்டுது. கோயம்புத்தூர் மேட்ச்ல அத்தனை பேர் முன்னாடி மானம் போச்சு. அவ போட்டது தப்பு, சிரிச்சது என்னைப் பார்த்து."

"அவகிட்ட சொன்னியா?"

"அந்த ஊமைக்கோட்டான்கிட்டயா? சரிடின்னு தலையாட்டுவா. அடுத்த பந்தும் அதே மாதிரிதான் வரும்."

"வேற யார்கிட்ட சொன்னே?"



"நேத்து மேனேஜர்கிட்ட. மில் கமிட்டி இன்னைக்கு டீம் எடுக்குதில்ல?"

"டீம்ல எடுக்கலைன்னா அடுத்த வருஷம் அவளுக்கு மில்லுல கான்ட்ராக்ட் கிடையாது. தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

திலகவதி எழுந்து விசில் ஊதினாள். மற்றவர்களை மைதானத்தைச் சுற்றி ஓட அனுப்பினாள்.

"ஹெலன், நீ இரு."

சந்தனமாரி அடிப்பது குயிக் என்கிற வேகப் பந்து. அடிக்கப் பந்தைத் தூக்கிப் போடும் செட்டர் ஹெலன். அவள் கைக்குப் பந்து வரும்போதே சந்தனமாரி எழும்பிவிட வேண்டும். அதன் பிறகுதான் செட்டர் பந்தைப் போடுவாள். அது அந்தரத்தில் இருக்கும் கையைத் தேடி வரும். எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்று அடிப்பவளுக்குத் தெரியாது. கைக்கு வந்ததா என்பது மட்டும்தான் தெரியும்.

"ஹெலன், இவ முட்டி ஆபரேஷனுக்கு முன்னாடி போடுவியே, அந்த உயரத்துக்குப் போடு."

"வேண்டாம் அக்கா."

"போடு."

திலகவதி பந்தை வீசினாள். சந்தனமாரி ஓடிவந்து எழும்பினாள். ஹெலன் போட்டாள். சந்தனமாரியின் கை வெறும் காற்றை அடித்தது. பந்து அவள் விரல்களுக்கு மேலே போய், அந்தப் பக்கம் விழுந்து உருண்டது.

"வேணும்னே பண்றா."

"மறுபடி."

மறுபடியும் காற்றுதான். அதற்கடுத்த பந்தில் நகம் பட்டது.

"இப்ப நேத்து போட்ட மாதிரி போடு," என்றாள் திலகவதி.

பந்து கைக்கு வந்தது. அடித்த அடியில் தரை அதிர்ந்தது.

சந்தனமாரி குனிந்து இடது முட்டியைப் பிடித்துக்கொண்டாள். கத்தி வைத்த முட்டி. அதற்குப் பிறகு அவள் ஆடவந்து ஒரு வருடமாகிறது. "பழைய சந்தனமாரி அப்படியே இருக்கா" என்று ஊரெல்லாம் சொன்ன வருடம்.

நிமிராமலே கேட்டாள்.

"எப்பலேர்ந்து தாழ்த்திப் போடறே?"

"நீ திரும்பி வந்த முதல் நாள்லேர்ந்து," என்றாள் ஹெலன்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ எழும்பியிருக்க மாட்டே."

ஹெலன் அந்தப் பக்கம் போய்ப் பந்துகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். மேனேஜர் விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது.

திலகவதி சொன்னாள்:

"கமிட்டி நாலு மணிக்குத்தான் கூடுது. இன்னும் நேரமிருக்கு."

"போய் என்னன்னு சொல்ல? என் கால் போச்சுன்னா?"

திலகவதி காலடியில் கிடந்த பந்தை எடுத்தாள்.

"நீங்க சொல்லுங்களேன் அக்கா. நீங்க சொன்னா கேப்பாங்க."

"புகார் சொன்னது நானா?"

ஓடப் போனவர்கள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்கள். சந்தனமாரி முட்டிக்கு பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.

2014 டிசம்பர் 3-ஆம் தேதி மில் அணி விசாகப்பட்டினம் போட்டிக்கு ரயில் ஏறியது. சந்தனமாரி இருந்தாள். ஹெலன் இல்லை. அவளுக்குப் பதிலாகப் புதிதாக எடுக்கப்பட்ட செட்டர், பந்தை உயரமாகப் போடுகிறவள்.