மூக்கன் அளந்த இருபது தப்படி

மூக்கன் என்ற காட்டுப்பன்றியும் அவன் மனைவி சேறாயியும் மலைச்சரிவின் உச்சியில் குடியிருந்தார்கள். அங்கே காற்று உண்டு, நிழல் உண்டு, கிழங்கும் உண்டு. தண்ணீர் மட்டும் இல்லை. தாகம் எடுத்தால் பாறை பாறையாக இறங்கி வழுக்கோடைக்கு வர வேண்டும். குடித்துவிட்டு மேலே ஏறுவதற்குள் மறுபடியும் நாக்கு வறண்டுவிடும்.

அந்தச் சித்திரையில் சேறாயி சினையாக இருந்தாள். குட்டிகள் ஆனியில் பிறக்கும். வயிற்றையும் தூக்கிக்கொண்டு தினமும் பாறை ஏறி இறங்க முடியாது, கீழே எங்கேயாவது குடிபோய்விடலாம் என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

மூக்கன் உடனே தலையாட்டினான். ஆனால் அவன் ஆசை இன்னும் கொஞ்சம் பெரியது. ஓடையை ஒட்டியே வீடு வேண்டும். படுத்தபடியே மூக்கை நீட்டினால் தண்ணீரில் பட வேண்டும். அப்படி ஒரு வீடு அந்தக் காட்டில் யாருக்கும் கிடையாது.

யாருக்கும் இல்லாமல் போனதற்குக் காரணம் இருந்தது. ஓடைப் பக்கம் வளை தோண்டினாலும் சரி, குடில் போட்டாலும் சரி, ஓடைச் சபையின் அனுமதி வேண்டும். நாவல் மரத்தடியில் கூடும் அந்தச் சபைக்குத் தலைவர் நெடுங்கொம்பர் என்ற மிளா மான். கட்டுமான வேலையைப் பார்வையிடுவது அலகம்மை என்ற மீன்கொத்தி. அனுமதி கேட்டு வருகிறவர் சபை போடும் நிபந்தனைகளைத் தப்பில்லாமல் மூன்று முறை திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு ஈரக் களிமண்ணில் கால் பதிக்க வேண்டும். அந்தக் களிமண் வெயிலில் காய்ந்து ஓடாகி, பாறைமேல் எல்லாரும் பார்க்கும்படி இருக்கும்.

மூக்கனுக்கும் மூன்று நிபந்தனைகள் போட்டார்கள். ஓடைக் கரையிலிருந்து இருபது தப்படிக்குள் ஒரு வேரைக்கூடப் பிடுங்கக் கூடாது. தோண்டிய மண்ணைச் சுற்றிச் சுள்ளியால் வேலி கட்டி, அது ஓடையில் கரையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் மழை விழுந்ததும் தோண்டுவதை நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் கெண்டை மீன்கள் கூழாங்கல் இடுக்கில் முட்டையிடும் காலம் அது. சேறு படிந்தால் முட்டைகள் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

தப்படி என்றால் மிளாவின் தப்படி. முன்பு ஒரு முயல் தன் காலால் இருபது அளந்து, ஏறக்குறைய தண்ணீருக்குள்ளேயே வளை தோண்டிவிட்டது. அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. வழக்கமாக நெடுங்கொம்பரே வந்து நடந்து காட்டுவார். அன்றைக்கு அவர் குளம்பில் முள் தைத்திருந்தது. அதனால் தன் தப்படி நீளத்துக்கு ஒரு மூங்கில் கழியைக் கொடுத்து, நீயே அளந்துகொள் என்று சொல்லிவிட்டார்.

மூக்கன் கழியை வாயில் கவ்விக்கொண்டு ஓடைக்கு வந்தான். கரையில் மருத மரங்கள் வரிசையாக நின்றன. அவற்றின் காலடியில் தாழையும் நாணலும் வெட்டிவேரும் அடர்ந்து கிடந்தன. அங்கிருந்து இருபது அளந்தான். கழி போய் நின்ற இடம் மேட்டுநிலம். ஒரே சரளைக்கல். சுற்றிலும் உண்ணிச்செடி. மூக்கால் ஒரு கீறு கீறிப் பார்த்தான். மூக்குத்தான் வலித்தது.

அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நெளியன் என்ற கீரி அங்கே வந்தான். நிலத்தை யாராவது கிளறினால் எலியும் பாம்பும் வெளியே ஓடிவரும். அதனால் யார் வீடு கட்டினாலும் நெளியன் ஆலோசனை சொல்ல வந்துவிடுவான். மூக்கனுடைய கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, எந்தக் கரையிலிருந்து அளந்தாய் என்று விசாரித்தான்.

"இந்தக் கரைதான். வேற எந்தக் கரை?"

"அண்ணே, கரைன்னா என்ன? தண்ணி முடியிற இடம். தண்ணி எங்கே இருக்கு?"

மூக்கன் திரும்பிப் பார்த்தான். சித்திரை வெயிலில் வழுக்கோடை மெலிந்து, அகலமான மணலுக்கு நடுவில் கன்றுக்குட்டியின் வால் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"அங்கிருந்து அளங்க" என்றான் நெளியன். "நிபந்தனையில எந்த மாசத்துக் கரைன்னு சொல்லியிருக்கா?"

சொல்லவில்லை. மூக்கன் மூன்று முறை ஒப்பித்தவன், அவனுக்கு நன்றாகத் தெரியும். கழியைக் கவ்விக்கொண்டு ஓடினான். ஒல்லியான தண்ணீரிலிருந்து மணலும் கல்லுமாக இருபது தப்படி அளந்தான். கழியின் நுனி சரியாக மருத மரத்தடியில் போய் நின்றது. மண் பஞ்சு போல இருந்தது. இருபதுக்குள் பிடுங்க ஒரு வேரும் இல்லை, வெறும் மணல். வேர்களெல்லாம் இருபதுக்கு அந்தப் பக்கம். அவற்றைப் பிடுங்க எந்தத் தடையும் இல்லை!

அன்றைக்கே வேலை தொடங்கியது. தாழை போனது. நாணல் போனது. வெட்டிவேர் வேரோடும் மண்ணோடும் வந்தது. இளமரங்களை மூக்கன் தோளால் இடித்துச் சாய்த்தான். நெளியனுக்கு முதல் நாளே இரண்டு எலி கிடைத்தது. தோண்டிய மண்ணை ஓடைப் பக்கமே குவித்துவிட்டு, அதைச் சுற்றி ஏழு சுள்ளிகளை நட்டான் மூக்கன். வேலி என்று சொன்னார்களே தவிர எத்தனை சுள்ளி என்று சொல்லவில்லையே.

பத்து நாள் கழித்து அலகம்மை பார்வையிட வந்தாள். மிச்சமிருந்த ஒரு பெரிய மருதத்தின் கிளையில் உட்கார்ந்து இந்தக் கண்ணால் ஒரு முறை, அந்தக் கண்ணால் ஒரு முறை பார்த்தாள்.

"மூக்கா, எங்கிருந்து அளந்தே?"

"கரையிலிருந்துதான் அலகம்மைக்கா. கழி இதோ இருக்கு. நீங்களே வெச்சுப் பாருங்க."

அவள் கழியைப் பார்க்கவில்லை. "உன் தலைக்கு மேல இந்தக் கவட்டையில காஞ்ச புல்லும் மூங்கில் இலையும் சிக்கிக் கிடக்கே, இதை யாரு கொண்டுவந்து வெச்சது?"

பன்றிக்கு அண்ணாந்து பார்ப்பது கொஞ்சம் சிரமம். மூக்கன் பின்னங்காலை மடக்கி உட்கார்ந்து பார்த்தான்.

"காக்கா கூடு. பாதியில பிடிக்காம விட்டுட்டுப் போயிருக்கும்."

"காக்கா மூங்கில் இலையில கூடு கட்டி நான் பார்த்ததில்ல. போன வருஷ வெள்ளம் இந்த உசரத்துக்கு வந்து வெச்சிட்டுப் போனது இது. ஓடைக்குக் கரை இந்த மரங்கதான். நீ கரையைத் தோண்டிட்டு, கரையிலிருந்து இருபதுங்கறே."

மூக்கனுக்குக் கோபம் வந்துவிட்டது. நிபந்தனை மூன்றையும் வரிசையாக ஒப்பித்தான். எதை மீறினேன் சொல்லுங்கள் என்று கேட்டான். மீன் குறைந்துவிட்டால் உங்களுக்குச் சாப்பாடு குறையும், அதுதானே உங்கள் கவலை என்றும் ஒரு குத்து குத்தினான். ஆமாம், அதுவும்தான் கவலை என்று சொல்லிவிட்டு அலகம்மை பறந்துபோனாள்.

சபை மறுபடி கூடியது. தோண்டுவதை உடனே நிறுத்த வேண்டும், முதல் மழைக்குள் கரையில் வெட்டிவேரும் நாணலும் திரும்ப நட வேண்டும், வேலியைச் சந்து இல்லாமல் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மூக்கன் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். தோண்டுவது ஏற்கெனவே முடிந்திருந்தது. மற்றதைப் புதுவீடு புகுந்த மறுநாள் பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டான்.

புதுவீட்டு விருந்துக்குக் காடே வந்தது. கிழங்கு தின்றவர்கள் எல்லாரும் வீட்டை மெச்சினார்கள். சேறாயி மட்டும் சுவரைச் சுற்றிச் சுற்றி முகர்ந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்தச் சுவருல ஒரு வேரும் இல்லையே. எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது?"

"நம்ம வீடு தன் கால்லயே நிக்கும்" என்றான் மூக்கன். விருந்தாளிகள் சிரித்தார்கள். மறுநாள் வெயில் அதிகம் என்று நடவில்லை. அதற்கடுத்த நாள் மண் இறுகிவிட்டது என்று நடவில்லை. இன்னும் கொஞ்சம் ஈரம் வரட்டும் என்று காத்திருந்தான்.

ஈரம் ஆனி இரண்டாம் தேதி வந்தது. அன்றைக்கே சேறாயி ஐந்து குட்டிகள் போட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் மலை உச்சியில் கொட்டு கொட்டென்று கொட்டியது. ஓடை செம்மண் நிறமாகத் திரண்டு இறங்கியது. முதலில் மண் குவியல் கரைந்தது. ஏழு சுள்ளிகளும் அதோடு போயின. அகலமான மணல்வெளி முழுக்கத் தண்ணீரானது. மூக்கன் அளந்த இருபது தப்படியும் காணாமல் போய், வெள்ளம் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றது. மூக்கை நீட்டினால் தண்ணீர் படும் என்று ஆசைப்பட்டானே, அது அப்படியே நடந்தது.

சுவரில் ஒரு விரிசல் ஓடியது. சேறாயி அதைப் பார்த்ததும் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். மூக்கன் இன்னொன்றைக் கவ்வினான். இரண்டாம் முறை வந்து இன்னும் இரண்டை எடுத்துப் போனார்கள். ஐந்தாவது, கடைக்குட்டி, மூலையில் புல்லுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. மூக்கன் அதன் பக்கத்தில் வரும்போது மூலையே பெயர்ந்து ஓடைக்குள் சரிந்தது. குட்டியும் அதோடு போனது.

மூக்கன் யோசிக்காமல் குதித்தான். வெள்ளம் அவனைப் பூசணிக்காய் மாதிரி உருட்டியது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. வாயெல்லாம் சேறு. குட்டியின் கீச்சுக் குரல் ஒரு முறை கேட்டது, பிறகு கேட்கவில்லை.

அப்போது தலைக்கு மேலே அலகம்மை கத்தினாள். "இடப் பக்கம் பாரு, மூக்கா! வேர்ல சிக்கியிருக்கு!"

முப்பது தப்படி கீழே ஓடை வளைகிற இடத்தில் கரை அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அங்கே தாழையும் வெட்டிவேரும் நாணலும் பின்னிப் பிணைந்து தண்ணீருக்குள் வலை மாதிரித் தொங்கின. கடைக்குட்டி அந்த வேர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. மூக்கனையும் தண்ணீர் அங்கேயே கொண்டுபோய் மோதியது. அவன் ஒரு வேரைப் பல்லால் இறுகக் கடித்துக்கொண்டு, குட்டியை மூக்கால் மேலே தள்ளினான். சேறாயி கரையிலிருந்து அதைக் கவ்வித் தூக்கினாள். பிறகு அவனும் வேர் வேராகப் பிடித்து ஏறி வந்து தரையில் விழுந்தான்.

அந்தப் புதரையும் பிடுங்கி ஓடைக்கு ஒரு படித்துறை போடத்தான் அவன் எண்ணியிருந்தான். மழை கொஞ்சம் முந்திக்கொண்டது. அந்த எண்ணத்தை அவன் சேறாயியிடம் சொல்லவே இல்லை. சொல்லாவிட்டால் என்ன, நெளியன் விருந்தன்றே அவளிடம் உளறிவிட்டுப் போயிருந்தான்.

வெள்ளம் வடிந்ததும் மூக்கன் சபைக்குப் போனான். இனிமேல் ஓடைப் பக்கமே வராதே என்று துரத்தப்போகிறார்கள் என்று நினைத்தான். நாவல் மரத்தடியில் நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். நெளியன் பேரை இழுக்கவில்லை. கழியைப் பிடித்தது தன் வாய்தானே.

அலகம்மை கணக்கைச் சொன்னாள். கீழே கூழாங்கல் படுகை முழுக்க அவன் வீட்டு மண் படிந்துவிட்டது. இந்த வருஷம் அங்கே ஒரு கெண்டைக்குஞ்சும் பொரிக்காது. அவளே மீனுக்காக இரண்டு மலை தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. மூக்கன் தலையைத் தொங்கப் போட்டான்.

நெடுங்கொம்பர் வெகுநேரம் அசைபோட்டார். பிறகு, "தப்பு எங்க பக்கமும் இருக்கு. கரை எதுன்னு எல்லாருக்கும் தெரியும்னு நாங்களே நெனச்சுக்கிட்டோம்" என்றார். அன்றைக்கு நிபந்தனையில் ஒரு வரி சேர்ந்தது. கரை என்றால் வெள்ளம் நிறைந்து ஓடும்போது உள்ள கரை. இடிந்த கரையில் மூக்கன் வெட்டிவேரும் நாணலும் நட்டு, அவை வேர் பிடித்த பிறகு, மேட்டில் வீடு கட்டிக்கொள்ளலாம். மற்ற நிபந்தனைகளில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூக்கன் மூன்று முறை ஒப்பித்துவிட்டுக் களிமண்ணில் கால் பதித்தான்.

கார்த்திகை போய், தை வந்து, நட்டதெல்லாம் வேர் பிடித்தது. மூக்கன் கழியைக் கவ்விக்கொண்டு மருத மரத்திலிருந்து அளக்கத் தொடங்கினான். சேறாயி ஐந்து குட்டிகளோடு பின்னாலேயே எண்ணிக்கொண்டு வந்தாள். சரளைக்கல் மேட்டில் இருபது வந்தது. அவன் கழியைக் கீழே வைத்தான்.

"இன்னும் அஞ்சு அளங்க" என்றாள் சேறாயி.

"சபை இருபதுதானே சொல்லுச்சு?"

"அது சபை சொன்னது. அஞ்சு நான் சொல்றது."

மூக்கன் மறுபேச்சுப் பேசாமல் கழியை எடுத்தான்.

விதியின் வார்த்தைகளுக்குள் சந்து தேடி அதன் நோக்கத்தை மீறுகிறவன், முதலில் தன் வீட்டுக்குத்தான் குழி தோண்டிக்கொள்கிறான்.