காற்றோடு நடந்த பச்சோந்தி

ஒரு காட்டில் மான் துள்ளிப் போகும், பாம்பு நெளிந்து போகும், நத்தை ஊர்ந்து போகும். பச்சோந்தி மட்டும் ஆடி ஆடிப் போகும். ஓர் அடி முன்னால் வைக்கும். உடம்பைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும். பிறகு யோசித்து யோசித்து அடுத்த அடி. அதன் பாதங்கள் இடுக்கியைப் போன்றவை. கிளையைப் பற்றிக்கொள்ள நல்லவை, ஓடுவதற்கு உதவாதவை.

அந்தப் பச்சோந்தி ஓடைப் பக்கத்து வேல மரத்தில் இருந்தது. அதே மரத்தில் ஓர் அணிலும் இருந்தது. அணிலுக்கு எதிலும் அவசரம்.

"அக்கா, நீ போகிறாயா, வருகிறாயா?" என்று அணில் கேட்கும். "எதையாவது ஒன்றைச் சொல். நான் எவ்வளவு நேரம் வழிவிட்டு நிற்பது?"

"போகிறேன் என்றுதான் நினைக்கிறேன்" என்று பச்சோந்தி சொல்லும்.

"நீ நினைத்து முடிப்பதற்குள் கிளையே பட்டுப்போகும்!"

புரட்டாசி பிறந்தது. மழைக்கு இன்னும் நாள் இருந்தது. பச்சோந்தியின் வயிறு முட்டைகளால் கனத்தது. பச்சோந்தி மரத்தில் முட்டையிடாது. மண்ணைத் தோண்டித்தான் இடும். மரத்தடி மண்ணோ கல்லாக இறுகிக் கிடந்தது. ஓடைக்கரையில்தான் ஈரமண். நடுவில் புல்வெளி. புல்வெளியின் ஓரத்தில் ஒரு பட்டமரம். அதன் உச்சியில் வல்லூறு.

"இனியும் தள்ளிப்போட முடியாது, தங்கச்சி" என்றது பச்சோந்தி. "ஆனால் அவன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறானே."

"அதற்கென்ன? ஒரே ஓட்டமாக ஓடிவிடு. நான் தினமும் போய்வரவில்லையா? அவன் கழுத்தைத் திருப்புவதற்குள் நான் புதருக்குள் இருப்பேன். நீ உன் ஆட்டத்தோடு கிளம்பினால், அவன் குளித்து, இறகைக் காயவைத்து, சாவகாசமாக வந்து உன்னைத் தூக்குவான்."

பச்சோந்திக்கு அது சரியென்றே பட்டது. பயந்திருப்பவர்களுக்கு யார் எதைச் சொன்னாலும் சரியென்றுதான் படும்.

முதலில் கிளையிலேயே ஓடிப் பழகலாம் என்று முடிவாயிற்று.

"வாலைத் தூக்கு. கீழே பார்க்காதே. ம், ஓடு!" என்று அணில் கத்தியது.

பச்சோந்தி ஓடியது. முன்கால் பற்றுவதற்குள் பின்கால் பிடியை விட்டுவிட்டது. அடுத்த கணம் அது வால் நுனியில் தலைகீழாகத் தொங்கியது.

வல்லூறு கழுத்தைத் திருப்பியது.

பச்சோந்தி மூச்சுவிடவில்லை. காற்று வந்து கிளையை ஆட்டியது. வேலங்காய்கள் ஆடின. அவற்றோடு இன்னொரு காயைப் போலப் பச்சோந்தியும் ஆடியது. வல்லூறு சற்று நேரம் பார்த்தது. பிறகு தன் இறகைக் கோதத் தொடங்கியது.

"பிழைத்தாய்!" என்றது அணில். "எங்கே, இன்னொரு முறை ஓடு பார்க்கலாம்."

"வேண்டாம். நான் ஓடியபோதுதான் அவன் பார்த்தான். ஆடியபோது விட்டுவிட்டான். நான் என் நடையிலேயே போகிறேன்."

"போ, போ. எனக்கு உன் முட்டைகளை நினைத்துத்தான் கவலை."

மறுநாள் வெயில் ஏறியதும் காற்று எழுந்தது. பச்சோந்தி மரத்திலிருந்து இறங்கியது. புல் சாய்ந்தால் அதுவும் சாய்ந்தது. புல் நிமிர்ந்தால் அதுவும் நிமிர்ந்தது. புல்லின் நிறமே அதன் நிறமாகவும் இருந்தது.

பாதி வழியில் காற்று நின்றுவிட்டது.

ஒரு புல்லும் அசையவில்லை. தூக்கிய காலைக் கீழே வைக்காமல் பச்சோந்தி அப்படியே நின்றது. வயிறு கனத்தது. ஓர் எறும்பு அதன் முதுகில் ஏறி மறுபக்கம் இறங்கிப் போனது. பச்சோந்தி பொறுத்துக்கொண்டது.

அணிலுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஐயோ, நடுவழியில் நிற்கிறாளே! அக்கா, ஓடு! இதோ பார், இப்படி!" என்று கத்திக்கொண்டே மரத்திலிருந்து குதித்துப் புல்வெளியில் பாய்ந்தது. அந்த வெளி முழுவதிலும் அப்போது அசைந்தது அணில் ஒன்றுதான்.

வல்லூறு கல் விழுவதுபோல் இறங்கியது. அதன் நிழல் பச்சோந்தியின் மேல் விழுந்து கடந்து போனது. அணில் தலைதெறிக்க ஓடி முள்புதருக்குள் நுழைந்தது. வல்லூற்றின் நகத்தில் ஒரு கொத்து வால்மயிர்தான் மிஞ்சியது. அது ஏமாந்து பறந்து போயிற்று.

காற்று மறுபடி வந்தது. அப்போதுதான் பச்சோந்தி தூக்கிய காலைக் கீழே வைத்தது. கரையை அடைந்து, குழி தோண்டி, முட்டைகளை இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, வயிற்றால் அழுத்தி விட்டது.

திரும்பும் வழியில் முள்புதருக்குள்ளிருந்து அணில் மெல்லக் கேட்டது: "அக்கா, அவன் நிழல் உன் மேலேயே விழுந்ததே. எப்படி ஓடாமல் நின்றாய்?"

"எனக்கு ஓட வராது, தங்கச்சி. நிற்கத்தான் வரும். உனக்கு ஓட வந்தது. நீயும் பிழைத்தாய்."

பச்சோந்திகள் முட்டைகளுக்குக் காவல் இருப்பதில்லை. அதுவும் திரும்பிப் பார்க்காமல் மரம் ஏறியது.

மழை வந்தது, போனது. மாதங்கள் கழித்து ஒரு காலையில் ஓடைக்கரை மண் பிளந்தது. சின்னஞ்சிறு குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவை தாயைத் தேடவில்லை. அருகிலிருந்த புல்தண்டுகளில் ஏறிப் பற்றிக்கொண்டு, காற்றுக்காகக் காத்திருந்தன.

நீதி: உன் உடம்புக்கு ஏற்ற நடையே உன்னைக் காக்கும், பிறருடைய வேகத்தைப் பார்த்து அதைக் கைவிடாதே.