பிலிருபின் மூன்று புள்ளி ஆறு

"மேடம், இந்த ஆளோட கல்லீரல் என்கிட்ட வம்பு பண்ணுது" என்றார் டாக்டர் அருமைநாயகம்.

அவருக்கு நாற்பத்தேழு வயது. பதினாறு வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி, பிரசவம் என்று சகலமும் பார்த்துவிட்டு, அறுவை சிகிச்சை மேற்படிப்புக்கு இப்போதுதான் வந்திருக்கிறார். அவருடைய குரு டாக்டர் ஹாஜிராவுக்கு முப்பத்தெட்டு. வார்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அருமைநாயகத்தைப் பெரிய டாக்டர் என்று கும்பிடுவார்கள். ஹாஜிராவை நர்ஸ் என்று நினைத்துத் தலையணை கேட்பார்கள். அந்த அம்மா தலையணையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

வம்பு பண்ணிய கல்லீரல் சுடலைமுத்துவுடையது. வாழைக்காய் மண்டியில் தார் சுமக்கிறவர். அடிவயிற்றில் குடலிறக்கம். எலுமிச்சம்பழம் அளவுக்குக் குடல் வெளியே தள்ளும், மல்லாக்கப் படுத்து அமுக்கினால் உள்ளே போகும். போன வாரம் அரை மணி நேரம் அமுக்கியும் போகாமல் அடம்பிடித்தது. ஒரு நாள் போகவே மாட்டேன் என்று நின்றுவிட்டால் குடல் அழுகிவிடும், அப்புறம் ஆள் பிழைப்பதே கஷ்டம். சீக்கிரம் ஆபரேஷன் செய்தாக வேண்டும்.

மயக்க மருந்து டாக்டரோ சம்மதிக்கவில்லை. ரத்தத்தில் கூடினால் கண்ணை மஞ்சளாக்குகிற பிலிருபின் ஒன்றைத் தாண்டி ரொம்பப் போகக் கூடாது. சுடலைமுத்துவுக்கு முதல் தடவை இரண்டு புள்ளி ஒன்று. பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். வந்தார், இரண்டு புள்ளி ஒன்பது. மறுபடியும் பத்து நாள். இப்போது மூன்று புள்ளி ஆறு.

அருமைநாயகம் மூன்று ரிசல்ட்டையும் மேஜையில் வரிசையாக வைத்தார். இன்னொரு ஸ்கேன் எடுக்கலாமா, மெட்ராசுக்கே அனுப்பிவிடலாமா என்று கேட்டார். மனுஷர் உண்மையிலேயே பயந்துபோயிருந்தார்.

ஹாஜிரா நிதானமாகப் பார்த்தார். கல்லீரல் நொந்தால் ஏறுகிற என்சைம்கள் ஏறவில்லை. ரத்தம் உறையும் நேரம் சரி. ரத்த அணுக்கள் உடைகிற அடையாளமும் இல்லை. இந்த ஒரு எண் மட்டும் தனியாக ஏறிக்கொண்டே இருந்தது.

"இதெல்லாம் பதில், சார். நீங்க கேட்ட கேள்வி என்ன?"

"கேள்வியா? ஆபரேஷனுக்கு முன்னாடி எல்லாருக்கும் எடுக்கிறதுதானே மேடம்."

ஹாஜிரா எழுந்து வார்டுக்கு நடந்தார். இவரும் பின்னாலேயே போனார்.

சுடலைமுத்து கட்டிலில் சுருண்டு கிடந்தார். பக்கத்தில் மனைவி பேச்சியம்மாள். ஹாஜிரா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விசாரித்தார். சிறுநீர் என்ன நிறம்? தண்ணி மாதிரிதான். உடம்பு அரிக்கிறதா? இல்லை. வீட்டில் வேறு யாருக்காவது கண் இப்படி மஞ்சளாக இருந்ததா?

அதைக் கேட்டதும் சுடலைமுத்து லேசாகச் சிரித்தார். அவருடைய அப்பா வருஷாவருஷம் விரதமிருந்து திருச்செந்தூருக்கு நடப்பாராம். போய்ச் சேருவதற்குள் கண் மஞ்சளாகிவிடுமாம். முருகன் அருள் இறங்கியிருக்கிறது என்று ஜனங்கள் காலில் விழுவார்களாம். எண்பத்திரண்டு வயது வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாராம்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

இதற்குப் பேச்சியம்மாள் பதில் சொன்னாள். காலையில் ஒரு டம்ளர் உப்பில்லாத கஞ்சி, ராத்திரி ஒரு டம்ளர். எண்ணெயைக் கண்ணிலேயே காட்டவில்லை. விடிந்ததும் கீழாநெல்லியை அரைத்து மோரில். இருபது நாளாகப் பத்தியம்.

"பசிக்குதா?"

சுடலைமுத்து மனைவியைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பசிக்குதும்மா" என்றார்.

ஹாஜிரா சிஷ்யர் பக்கம் திரும்பினார்.

"எதிர்க்கடையில பரோட்டா சால்னா போடுவாங்க. மூணு வாங்கிட்டு வாங்க சார்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் அருமைநாயகம் நினைத்தார். மஞ்சள் ஏறிக் கிடக்கிற ஆளுக்குப் பரோட்டாவா? ஹாஜிரா காசை எடுத்து நீட்டினார். அருமைநாயகம் வெள்ளைக் கோட்டோடு ரோட்டைத் தாண்டிப் போய் வாங்கி வந்தார்.

சுடலைமுத்து மூன்றையும் தின்றுவிட்டு விரலை நக்கினார். புருஷனைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று பேச்சியம்மாள் அந்தப் பக்கம் திரும்பி அழுதாள். அன்றிலிருந்து மூன்று வேளையும் இட்லி, முட்டை, மீன் குழம்பு. அருமைநாயகம் ஒரு நாளைக்கு நாலு தடவை வந்து அவருடைய கண் இமையை இறக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

நாலாம் நாள் ரத்தம் எடுத்தார்கள். ஒன்று புள்ளி ஐந்து.

சில குடும்பத்து உடம்பு வாகு இது என்று ஹாஜிரா சொன்னார். வயிறு காய்ந்தால் ஏறும், சாப்பிட்டால் இறங்கும், கல்லீரலுக்கு ஒரு கேடும் கிடையாது. மயக்க மருந்து டாக்டரும் ஒத்துக்கொண்டார். மறுநாள் காலையில் முதல் ஆபரேஷனே சுடலைமுத்துவுக்குத்தான்.

அருமைநாயகத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் அது கோபமாகிவிட்டது. நல்ல கல்லீரலை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் இருபது நாள் பட்டினி கிடந்திருக்கிறான். இடையில் குடல் சிக்கியிருந்தால்? எந்த ஊர் அரைகுறை வைத்தியனோ, தெரியவில்லை.

"யார் மேடம் இவரைப் பட்டினி போட்டது? அந்த ஆளைச் சும்மா விடக் கூடாது."

"கேட்டுட்டு வாங்க சார்" என்று சொல்லிவிட்டு ஹாஜிரா அடுத்த நோயாளியிடம் போனார்.

அருமைநாயகம் போனார். பேச்சியம்மாள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கோபத்தை அடக்கிக்கொண்டு, பத்தியம் இருக்கச் சொன்னது யார் என்று தன்மையாகக் கேட்டார்.

அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, சுருக்குப்பைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். முதல் தடவை வந்தபோது கொடுத்த ஓ.பி. சீட்டு. நோயாளிகளுக்குப் புரிய வேண்டும் என்று அருமைநாயகம் எப்போதும் தமிழில்தான் எழுதுவார். 'காமாலை' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே 'சாப்பாட்டில் கவனம்.' அதன் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

"மவளை விட்டு தினமும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிடுவேன். ஐயா எழுதினதுல ஒரு வேளைகூடத் தப்பவிடலய்யா" என்றாள்.