திறக்காத பதினொன்று

மழை எட்டிப் பார்க்காத ஒரு பொட்டல்காட்டில் முன்பு ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. அதன் ஸ்டோர் ரூமில் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகம் ஒன்று குடியிருந்தது. பதினொன்று என்றே கூப்பிடுவோம். யாராவது ஒரு பிள்ளை தன்னைத் திறந்து முதல் பாடத்திலிருந்து படிக்க வேண்டும், அதற்கு அந்த ஒரே ஆசைதான். புத்தகமாகப் பிறந்துவிட்டு இதைக்கூட ஆசைப்படக் கூடாதா?

தாளாளர் குழந்தைவேலு கெட்டிக்காரர். பதினொன்றாம் வகுப்புக்குத்தான் பொதுத்தேர்வு இல்லையே, அதை எதற்கு மெனக்கெட்டு நடத்துவானேன் என்று நினைத்தார். பிள்ளைகள் வந்து சேர்ந்த அன்றே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, இரண்டு வருஷமும் அதையே அரைத்துப் புகட்டினார்கள். மார்க் கொட்டியது. ஊரெல்லாம் பிளெக்ஸ் நின்றது. அட்மிஷனுக்குக் கார்கள் வரிசை கட்டின, பொட்டல்காட்டில் மாடிமேல் மாடி ஏறியது.

பக்கத்து அலமாரியில் இருந்த பன்னிரண்டுக்குத் தலைகால் புரியவில்லை. அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் சாம்பார் கறையோடு, அது பதினொன்றைச் சீண்டிக்கொண்டே இருக்கும். ஆய்வுக்கு அதிகாரி வரும் அன்று மட்டும் பதினொன்றைப் பிள்ளைகள் கையில் கொடுப்பார்கள். அவர் கார் கிளம்பியதும் திரும்ப வாங்கி அடுக்கிவிடுவார்கள். வாடகைப் பாத்திரம் போய்விட்டு வந்துவிட்டதா என்று பன்னிரண்டு கேட்கும். 

ஒருமுறை பதினொன்று பூவிழி என்ற பெண்ணின் கைக்குப் போனது. அந்தப் பிள்ளை அட்டையைத் திறந்து, முதல் வரியில் விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். பதினொன்றுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதற்குள் வார்டன் வந்து, கையில் வைத்திருந்தால் போதும், உள்ளே என்ன வேலை என்று மூடிவிட்டுப் போனார்.

அப்புறம்தான் மருத்துவப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பாதிக் கேள்வி பதினொன்றிலிருந்து. டாக்டராக வேண்டும் என்று கனவு கண்ட பூவிழி, பன்னிரண்டில் அள்ளிய மார்க்கோடு போய் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல் எழுந்து வந்தாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு தாளாளர் முன்னால் வந்து நின்றாள். ஸ்டோர் ரூம் பக்கத்து அறைதான். பதினொன்றுக்கு எல்லாம் கேட்டது.

"லெவன்த் பாடத்தை நீங்க நடத்தவே இல்லீங்களே சார். இப்பவாச்சும் நடத்திக் குடுங்க."

"நடத்தாம எப்படிம்மா நீ பாஸ் பண்ணினே?"

பாடமே நடத்தாமல் பதினொன்றில் பாஸ் மார்க் போட்டதே அவர்தான்.  இங்கே இருக்கிறேன், வந்து எடுத்துக்கோ கண்ணு என்று பதினொன்று கத்தியது. புத்தகம் கத்தினால் யார் காதில் விழும்? அந்த ஆவணியிலேயே அவளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று பன்னிரண்டுகூட யாரையும் சீண்டவில்லை.

கார்கள் வருவது நின்றது. பதறிப்போன குழந்தைவேலு, இனிப் பதினொன்றையும் நடத்தச் சொல்லி வாத்தியார்களை ஏவினார்.  சம்பளம் குறைவென்று அவர் வேலைக்கு வைத்திருந்தவர்கள் எல்லாருமே அதே பள்ளியில் படித்தவர்கள். அவர்களும் பதினொன்றைத் திறந்ததில்லை.

விடுதி காலியானது. பிளெக்ஸ்கள் ஆட்டுப்பட்டிக்குக் கூரையாகப் போயின. கடைசியில் கேட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள்.

அபூர்வமாக மழை பெய்த ஒரு வருஷம் சுவரோரமாகக் கரையான் ஏறி அலமாரிக்கு வந்தது. பன்னிரண்டு நடுநடுங்கியது. புது வாசனை இன்னும் போகாத பதினொன்று மட்டும் மெல்லக் கேட்டது:

"எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பீங்க?"

"முதல் பக்கத்திலிருந்துதான்," என்றது கரையான். "எதையும் தாண்டிப் போற பழக்கம் எங்களுக்கு இல்லை."