கண்ணுக்குத் தெரியாத ஐந்து எழுத்து

பார்வையற்ற பெண்களான எங்கள் விடுதியில் அப்போது இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். திரையில் இருப்பதை அது வாசித்துச் சொல்லும். அந்தக் குரலைக் கேட்கச் சாப்பாட்டைக்கூட மறந்து காத்திருப்போம். புதிதாக வந்த வார்டன் தணிகாசலம் அதைத் தன் அறைக்குத் தூக்கிப்போக ஓர் ஆளோடு வந்தார்.

"திரையே தெரியாத உங்களுக்கு இது எதுக்கு? என் கண்ணுக்குத் தெரியாத எழுத்தை இதுல எழுதிக் காட்டுங்க, விட்டுட்டுப் போறேன்" என்று சிரித்தார்.

எங்களில் ஒருத்தியான ஆரோக்கியசெல்வி உட்கார்ந்து ஏதோ தட்டினாள். "எழுதிட்டேன் சார்."

"ஒண்ணுமே இல்லையே. வெறும் இடைவெளியைத் தட்டியிருக்கே."

"இடைவெளியை விட்டுட்டு எழுத்தை மட்டும் எண்ணச் சொல்லுங்க சார்."

அவரே மவுசை நகர்த்தி எண்ண வைத்தார். ஐந்து எழுத்து என்றது கம்ப்யூட்டர்.

"நாங்க தடவிப் படிக்கிற பிரெய்ல்ல ஒரு புள்ளிகூட இல்லாத கட்டமும் உண்டு சார். கம்ப்யூட்டர் அதை இடைவெளியா எடுத்துக்காம, எழுத்துன்னு தனி எண் வச்சிருக்கு. அதைத்தான் அஞ்சு தடவை தட்டினேன். உங்களுக்குத் தெரியல, அதுக்குத் தெரியுது."

வார்டன் மவுசிலிருந்து கையை எடுத்தார். பிறகு கூட வந்தவரிடம், "அது இங்கேயே இருக்கட்டும், வாப்பா" என்றார்.

இன்று எங்கள் ஒவ்வொருத்தியிடமும் பேசும் போன் இருக்கிறது. ஆனாலும் எங்கே கூடினாலும், ஒரே கீபோர்டுக்காக இடித்துக்கொண்டு உட்கார்ந்த அந்த மாலைகளைப் பற்றித்தான் பேசுகிறோம்.